டன்ஜுமா என்ற பெயரும் ஹவுசா மக்களின் கிழமைக் கணக்கும்

நைஜீரியச் செய்திகளைக் கொஞ்ச நாள் படித்தாலே டன்ஜுமா என்ற பெயர் கண்ணில் பட்டுவிடும். அமைச்சர், கால்பந்து ஆட்டக்காரர், கல்லூரி ஆசிரியர், லாரி ஓட்டுநர் என யாருக்கும் அந்தப் பெயர் இருக்கும். பெயர் அகராதியில் தேடினால் ஒரே வரியில் விடை கிடைக்கும்: ஹவுசா மொழி ஆண் பெயர், வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்று பொருள். விடை சரிதான். ஆனால் அந்த ஒரு வரியோடு போகிறவர் அடுத்த முடிவுக்கு உடனே தாவிவிடுவார். வெள்ளி என்றால் ஜும்மா, ஜும்மா என்றால் தொழுகை, ஆகவே இவர் பக்தியுள்ள முஸ்லிம் வீட்டுப் பிள்ளை!

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் நைஜீரியா முழுக்க அறிந்த மனிதர் ஜெனரல் தியோஃபிலஸ் யாக்குபு டன்ஜுமா. 1975 முதல் 1979 வரை ராணுவத் தளபதியாகவும் 1999 முதல் 2003 வரை பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தவர். அவர் கிறிஸ்தவர். ஹவுசா இனத்தவர்கூட இல்லை, ஜுக்குன் இனத்தவர். அப்படியானால் இந்தப் பெயர் எந்த வகையைச் சேர்ந்தது? ஹவுசாக்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் முறையைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

ஹவுசாக்கள் வட நைஜீரியாவிலும் அதை ஒட்டி இருக்கும் நைஜர் நாட்டின் தென்பகுதியிலும் வாழ்கிறவர்கள். கானோ, கட்சினா, ஸாரியா, டவுரா ஆகியவை அவர்களுடைய பழைய கோட்டை நகரங்கள். அவர்கள் மொழிக்கு அரபும் எபிரேயமும் தூரத்து உறவு. பல கோடிப் பேருக்கு அது தாய்மொழி. அதைவிட முக்கியம், வட நைஜீரியாவில் சின்னச் சின்ன மொழிகள் பேசும் ஏராளமான இனத்தவர்களுக்குச் சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் ராணுவ முகாமிலும் அதுதான் பொதுமொழி. மொழி போன இடமெல்லாம் பெயர்களும் போயின.

பெயரைப் பிரிப்பது எளிது. 'டன்' என்றால் மகன். 'ஜுமா' என்பது வெள்ளிக்கிழமை. எளிதல்லாதது உச்சரிப்பு. 'ட' சொல்ல நாக்கை மேலே வைத்துக்கொண்டு, காற்றை வெளியே விடுவதற்குப் பதில் லேசாக உள்ளே இழுத்தபடி சொல்ல வேண்டும். தமிழில் இந்த ஒலி கிடையாது. இந்தியாவில் சிந்தி பேசுகிறவர்களுக்கு இது கைவந்த ஒலி. ஹவுசாவை லத்தீன் எழுத்தில் எழுதும்போது இதற்கென்றே தலையில் கொக்கி போட்ட ஒரு தனி எழுத்து உண்டு. பாஸ்போர்ட்டிலும் செய்தித்தாளிலும் அந்தக் கொக்கி காணாமல் போய்விடுகிறது. தமிழில் எழுதும் நமக்கு 'டன்ஜுமா' என்பதே போதும்.

'டன்' என்ற சின்னச் சொல்லைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1804இல் போர் தொடுத்து சொக்கோட்டோ அரசை நிறுவிய மத அறிஞர் உஸ்மான் டன் ஃபோடியோ. அங்கே 'டன்' தந்தையைக் குறிக்கிறது: ஃபோடியோவின் மகன். 'டன் கானோ' என்றால் கானோக்காரர். அங்கே ஊரைக் குறிக்கிறது. கானோவின் பெருவணிகர் அல்ஹசன் டன்தாதாவின் பெயரில் இருப்பது தகப்பனும் இல்லை, ஊரும் இல்லை. தாய் வெளியூரில் இருந்த காலத்தில் அவரைத் தாதா என்ற அடிமைப் பெண் ஒருத்தி வளர்த்தாள். 'தாதாவின் பிள்ளை' என்று ஊர் கூப்பிட்டது, பேர் நிலைத்துவிட்டது. 1955இல் இறந்தபோது மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய செல்வந்தர்களில் ஒருவராக இருந்த குடும்பத் தலைவரின் பெயரில் ஓர் அடிமைப் பெண் இன்றும் இருக்கிறாள். இன்றைய ஆப்பிரிக்கக் கோடீஸ்வரர் அலிக்கோ டங்கோட்டே தாய்வழியில் இவருடைய கொள்ளுப்பேரன்.

ஆக, 'டன்' என்பது யாருக்கு அல்லது எதற்கு உரியவன் என்று காட்டும் சொல். தகப்பனுக்கு, ஊருக்கு, வளர்த்தவளுக்கு உரியவனாக இருக்கலாம் என்றால் ஒரு கிழமைக்கும் உரியவனாக இருக்கலாம். அவன்தான் டன்ஜுமா.

ஏழு கிழமைக்கும் பிள்ளைகள்

ஹவுசாவில் கிழமைகளின் பெயர்கள் அரபிலிருந்து வந்தவை. ஞாயிறு லஹாடி, திங்கள் லிட்டினின், செவ்வாய் தலாத்தா, புதன் லராபா, வியாழன் அல்ஹமிஸ், வெள்ளி ஜுமா, சனி அசபார். இவற்றைச் சுருக்கி, முன்னால் 'டன்' சேர்த்தால் பையன்களின் பெயர்கள் வந்துவிடும். ஞாயிறு பிறந்தால் டன்லாடி, திங்கள் டன்தானி, செவ்வாய் டன்தாலா, வியாழன் டன்லாமி, சனி டன்அசபே. பெண் பிள்ளைக்கு முன்னொட்டே வேண்டாம், கிழமையே பெயர். ஞாயிறு லாடி, திங்கள் தானி, செவ்வாய் தலாத்து, புதன் லராபா, வியாழன் லாமி, வெள்ளி ஜும்மாய், சனி அசபே. சனிக்கு அசீபி என்ற வடிவமும் உண்டு.

இந்தப் பெண்பெயர்களில் ஒன்று நைஜீரியரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. 20 நைரா நோட்டைத் திருப்பினால் பானை வனையும் ஒரு பெண்ணின் படம். அவர் லாடி குவாலி, 1984இல் மறைந்த மட்பாண்டக் கலைஞர். குவாலி அவருடைய ஊர். லாடி என்றால் ஞாயிறு பிறந்தவள். இவரும் ஹவுசா இல்லை, குவாரி இனத்தவர். நைஜீரியப் பணத்தாளில் இடம்பெற்ற முதல் பெண்ணின் அடையாளம் மொத்தமே ஒரு கிழமையும் ஓர் ஊரும்தான். எனக்கு இது மிகவும் பிடித்த பெயர். அவர் வனைந்த பானைகளைப் போலவே அதிலும் தேவையில்லாதது எதுவுமில்லை.

புதன்கிழமைப் பையனை மேலே விட்டுவிட்டேன். காரணம், அவனுக்கு 'டன்' வருவதில்லை, அவன் பலராபே. ஹவுசாவில் 'ப' என்ற முன்னொட்டு ஓர் இனத்தானைக் குறிக்கும். ஹவுசாக்காரன் பஹவுஷே, அரேபியன் பலராபே. புதனுக்கு லராபா என்று பெயர் இருப்பதால், புதன் பிறந்தவனை 'அரேபியன்' என்று கூப்பிடுவது பொருத்தமான சிலேடையாக அமைந்துவிட்டது. பலராபே என்று ஒருவரைப் பார்த்தால் அரேபிய வம்சம் என்று கற்பனை செய்ய வேண்டாம்.

கடுனா மாநிலத்தில் 1979 முதல் 1981 வரை ஆளுநராக இருந்தவர் பலராபே மூசா. இடதுசாரி அரசியல்வாதி, சட்டமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டுப் பதவி நீக்கியது. அவருடைய முழுப் பெயர் அப்துல்காதிர் பலராபே மூசா. அப்துல்காதிர் என்ற கம்பீரமான பெயர் இருக்கும்போது ஊரெல்லாம் ஏன் பலராபே என்று கூப்பிட்டது? டன்ஜுமாவைப் புரிந்துகொள்ளும் சாவி இந்தக் கேள்வியில் இருக்கிறது.

ஒரு பிள்ளை, இரண்டு பெயர்

பிள்ளை பிறந்து ஒரு வாரம் ஆனதும் பெயர் சூட்டும் விழா. அதற்குச் 'சூனா' என்றே பெயர். பெயர் என்பதற்கும் விழாவுக்கும் அங்கே ஒரே சொல். காலையிலேயே ஆண்கள் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காருவார்கள். மாலம் என்று அழைக்கப்படும் மார்க்க அறிஞர் துவா ஓதிப் பெயரை அறிவிப்பார். கிடாய் அறுக்கப்படும். வந்தவர்களுக்குக் 'கோரோ' எனும் கோலாக் கொட்டை பங்கிடப்படும். கசப்பான, மென்றால் தூக்கத்தை விரட்டும் கொட்டை. கோரோ இல்லாமல் சூனாவும் இல்லை, கல்யாணமும் இல்லை. வன்ஸாமி எனப்படும் நாவிதர் வந்து குழந்தையின் தலைமுடியை மழிப்பார். குழந்தையின் காதில் பாங்கு ஓதிப் பெயரையும் சொல்லிவிடுவது தனிச் சடங்கு; அதற்கு 'ஹுடுபா' என்று பெயர்.

இந்த நாளில் சூட்டப்படும் பெயருக்கு 'சூனன் யங்கா' என்பார்கள். யங்கா என்றால் அறுப்பது. கிடாய் அறுத்து வைத்த பெயர். அது பெரும்பாலும் இஸ்லாமியப் பெயர்: முஹம்மது, இப்ராஹிம், அப்துல்காதிர், ஃபாத்திமா. மார்க்கத்தின் கண்ணில் பிள்ளையின் பெயர் அதுதான். நிக்காஹ் நடக்கும்போது உச்சரிக்கப்படுவதும் அதுதான்.

ஆனால் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தாத்தா பெயரையோ பாட்டி பெயரையோ வைப்பது ஹவுசா வழக்கம். மனைவி கணவன் பெயரைச் சொல்லக் கூடாது. 'மைகிடா', அதாவது வீட்டுக்காரர், என்றுதான் சொல்வாள். மாமனார் மாமியார் பெயர் அவள் வாயில் வரவே வராது. மூத்த பிள்ளையைப் பெற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கொஞ்சுவதும்கூடப் பழைய வீடுகளில் கூச்சமான காரியம். இந்தக் கூச்சத்துக்கும் அடக்கத்துக்கும் ஹவுசாவில் 'குன்யா' என்று பெயர். ஒரு மனிதரின் தரத்தை அவர்கள் இதை வைத்து எடை போடுவார்கள். இப்போது பையனுக்கு மாமனார் பெயரான இப்ராஹிம் வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் சேற்றில் இறங்கி விளையாடும்போது தாய் என்ன சொல்லித் திட்டுவாள்? மாமனாரின் பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா?

ஆகவே இன்னொரு பெயர் வேண்டும், எல்லாரும் எந்தத் தயக்கமும் இல்லாமல் தெருவில் கத்திக் கூப்பிடக் கூடிய பெயர். சில வீடுகளில் தாத்தா பேர் கொண்ட பையனை 'பாபா' என்றே கூப்பிட்டுவிடுவார்கள். 'பாபன்கிடா', அதாவது வீட்டின் தகப்பன், என்றும் சொல்வார்கள். நைஜீரியாவை 1985 முதல் 1993 வரை ஆண்ட ராணுவத் தலைவரின் பெயரில் இருப்பது இதே சொல்தான். சில வீடுகளில் பையன் வெள்ளிக்கிழமை பிறந்திருந்தால் வேலை இன்னும் சுலபம். அவன் டன்ஜுமா.

நபிமார், கலீஃபாக்களின் பெயர்களுக்கு என்றே நிரந்தரமான மாற்றுப் பெயர்களும் ஹவுசாவில் உண்டு. அபூபக்கர் என்ற பெயர்கொண்டவர் கர்பா. உமர் என்றால் சண்டா. சண்டா என்பது கைத்தடி. உஸ்மான் என்றால் ஷேஹு, ஏனென்றால் சொக்கோட்டோவை நிறுவிய உஸ்மான் டன் ஃபோடியோவை எல்லாரும் ஷேஹு என்றார்கள். 1979இல் குடியரசுத் தலைவரான ஷேஹு ஷகாரியின் முழுப் பெயர் ஷேஹு உஸ்மான் அலியு ஷகாரி. ஒரே வீட்டில் ஒரே பெயர் கொண்ட இருவர் இருந்தால் இரண்டாமவர் சானி. அது அரபு மொழியில் இரண்டாவது என்று எண்ணும் சொல். மூன்றாமவர் சாலிசு.

இந்த இரட்டைப் பெயர் ஏற்பாடு எவ்வளவு பழையது என்று கேட்டால், கானோ அரசர்களின் வரலாற்றேடு ஒரு சுவையான சாட்சி தருகிறது. பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ஆண்ட அரசருக்கு அலி என்று பெயர். அவர் காலத்தில்தான் மேற்கே மாலி பகுதியிலிருந்து வங்காரா வணிகர்கள் இஸ்லாமைக் கானோவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஏடு சொல்கிறது. ஆனால் வரலாற்றில் அவர் யாஜி என்றே நிற்கிறார். சின்ன வயதில் முன்கோபக்காரராக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். இன்று வட நைஜீரியாவின் தெருவோரக் கறிக்கடைகளில் சுட்ட இறைச்சி மேல் தூவும் காரப்பொடிக்கும் யாஜி என்றுதான் பெயர். இஸ்லாமியப் பெயர் ஒன்று, ஊர் வைத்த பெயர் ஒன்று என்ற ஏற்பாடு அரசருக்கே இருந்திருக்கிறது. அறுநூறு ஆண்டு கழித்தும் அப்துல்காதிர் பலராபே மூசாவுக்கு நடந்தது அதேதான்.

டன்ஜுமா இந்த இரண்டாவது வரிசைப் பெயர். அதில் அரபுச் சொல் இருக்கிறது, இஸ்லாமின் புனித நாளும் இருக்கிறது. ஆனாலும் அது மார்க்கம் வைத்த பெயர் அல்ல, வீடு வைத்த பெயர். நீ எதை நம்புகிறாய் என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நீ எப்போது வந்தாய் என்பதை மட்டும் அது சொல்கிறது.

வந்த சூழ்நிலையைச் சொல்லும் பெயர்கள்

அப்படிச் சொல்லும் பெயர்கள் ஹவுசாவில் ஏராளம், கிழமைப் பெயர்கள் அவற்றில் ஒரு பிரிவுதான். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தபின் வரும் பையன் தாங்கோ. ஆண் பிள்ளைகளுக்குப் பின் வரும் பெண் காண்டே. இரட்டையர் பிறந்தால் ஹசன், ஹுசைனி. பெண்கள் என்றால் ஹசனா, உசைனா. இரட்டையருக்கு அடுத்துப் பிறக்கும் பிள்ளை கம்போ. ஒரு கம்போவைச் சந்தித்தால் அவருக்கு மேலே இரட்டையர் இருக்கிறார்கள் என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். நோன்பு மாதத்தில் பிறந்த பெண் அசூமி. பெருநாளில் பிறந்த பையன் சல்லாவ். தாயின் வயிற்றில் வழக்கத்தைவிட நீண்ட காலம் தங்கியவன் ஷெக்கராவ். ஷெக்கரா என்றால் ஆண்டு. கடைக்குட்டி ஆவ்டா.

இவற்றில் மனதைப் பிசையும் பெயர் அஜூஜி. ஜூஜி என்றால் குப்பைமேடு. முந்தைய பிள்ளைகள் தங்காமல் இறந்துபோன வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் கிடத்திவிட்டு, பிறகு எடுத்துவந்து அஜூஜி என்று பெயர் வைப்பார்கள். வேண்டாத பொருள்தானே என்று சாவு கண்டுகொள்ளாமல் போய்விடும் என்ற நம்பிக்கை. நம் ஊர்க் குப்புசாமிக்கும் குப்பம்மாளுக்கும் பின்னால் இருப்பது இதே கதைதான்; இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கடலும் ஒரு கண்டமும் இருந்தாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரே யோசனைதான் தோன்றியிருக்கிறது. பராவ் என்ற பெயரும் இந்த வகை. 'விட்டுவைக்கப்பட்டவன்' என்று பொருள். பாவா என்றால் அடிமை. இவன் எங்கள் பிள்ளையே இல்லை, அடிமை என்று சாவிடம் சொல்லும் பொய்.

சூழ்நிலையைப் பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் இப்படிப் பல திசைகளில் கிளைத்திருக்கும் மண்ணுக்கு, ஏழு நாள் வாரமும் அரபுக் கிழமைப் பெயர்களும் வந்து சேர்ந்தன. குடும்பத்தில் பிறந்த வரிசையைப் பெயராக்கியவர்கள் வாரத்தின் நாளையும் பெயராக்கிக்கொண்டார்கள். மூலப்பொருள் அரபு நாட்டுச் சரக்கு. பெயர் வைக்கும் யோசனை உள்ளூருடையது. டன்ஜுமா என்ற சொல்லை எந்த அரபு நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அங்கே அது பெயராகாது.

வெள்ளிக்கு மட்டும் தனி மரியாதையா?

கொஞ்சம் உண்டு. வட நைஜீரிய நகரங்களில் வெள்ளி நடுப்பகலில் வேலை ஓய்ந்து, வெளுத்துக் கஞ்சி போட்ட நீண்ட அங்கியும் பூவேலை செய்த குல்லாவுமாக ஆண்கள் பெரிய பள்ளிவாசலை நோக்கிப் போவார்கள். 'பர்கா தா ஜுமா' என்று வாழ்த்திக்கொள்வார்கள். இப்போது காலையிலிருந்தே அந்த வாழ்த்து வாட்ஸ்அப்பில் படங்களாக வந்து குவியும். பலகையில் எழுதிக் குர்ஆன் ஓதக் கற்கும் பழைய பள்ளிகளுக்கு வியாழனும் வெள்ளியும்தான் விடுமுறை. பிள்ளை வெள்ளியன்று பிறந்தால் வீட்டில் கூடுதல் சந்தோஷம் இருக்கும், பரக்கத் என்பார்கள். ஆனால் டன்ஜுமா என்று பெயர் வைக்கப்பட்டவன் டன்லாடியைவிட உயர்ந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். இஸ்லாமிய முறையில் நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. ஆகையால் நாம் வியாழன் இரவு என்று சொல்வதை ஹவுசாவில் 'டரேன் ஜுமா', அதாவது வெள்ளி இரவு என்பார்கள். அந்தக் கணக்கைப் பின்பற்றும் வீட்டில் வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் பிறந்தவனும் டன்ஜுமாதான். பிறந்த தேதியை நாட்காட்டியில் சரிபார்த்து, இவர் வியாழக்கிழமை அல்லவா பிறந்திருக்கிறார் என்று சந்தேகப்படுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கிழமைப் பெயர் என்றதும் பலருக்கு நினைவு வருவது கானாவின் அக்கான் மக்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் முதல் பெயர் வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் என்றே பொருள்படும். அவர் பிறந்தது 1938 ஏப்ரல் 8. ஜெனரல் டன்ஜுமா பிறந்தது அதே ஆண்டு டிசம்பர் 9. இரண்டு நாளும் வெள்ளிதான். ஆனால் இரண்டு முறைகளும் ஒன்றில்லை. அக்கான்களிடம் கிழமைப் பெயர் எல்லாப் பிள்ளைக்கும் தானாகவே வந்துவிடும். அது ஆன்மாவோடு ஒட்டிய பெயர், ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு குணம் உண்டென்றும் சொல்வார்கள். ஹவுசாவில் கட்டாயமே இல்லை. வெள்ளி பிறந்த பத்துப் பையன்களில் ஒருவன் இரட்டையரில் ஒருவனாக இருந்து ஹசன் ஆவான், ஒருவன் தாங்கோ ஆவான், ஒருவனை பாபா என்பார்கள். மிஞ்சியவர்களில் சிலர்தான் டன்ஜுமா. குணம், ஜாதகம், விதி எதுவும் அதில் கிடையாது.

பெயர் போன ஊர்கள்

மார்க்கப் பெயராக இல்லாததாலேயே இந்தப் பெயரால் மார்க்க எல்லையைத் தாண்ட முடிந்தது. நைஜீரியாவின் நடுப்பகுதியில் கிறிஸ்தவ சபைகள் பரவியபோது, அங்கே பல இனத்தவர்களுக்கும் பொதுமொழியாக இருந்த ஹவுசாவிலேயே சபைகள் பேசின. முழு விவிலியம் 1932இல் ஹவுசாவில் வந்தது. அதில் ஜேக்கப் 'யாக்குபு', ஆபிரகாம் 'இப்ராஹிம்', மோசே 'மூசா'. அதனால்தான் 1966 முதல் 1975 வரை நாட்டை ஆண்ட கிறிஸ்தவரான ஜெனரல் கோவோனுக்கு யாக்குபு என்று பெயர். தேவாலயப் பதிவேட்டில் தியோஃபிலஸ், ஊர் வாயில் டன்ஜுமா என்பது அந்தப் பகுதிக்கு இயல்பான சேர்க்கை. தென் நைஜீரியாவில் இதே பழக்கம் ஆங்கில உடுப்பு போட்டுக்கொண்டது. 2013 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டியில் வெற்றிக் கோலை அடித்தவர் பெயர் சண்டே ம்பா. வடக்கே பிறந்திருந்தால் டன்லாடி ஆகியிருப்பார்.

மேற்கே கானா வரை இந்தப் பெயர்கள் போனதற்குக் கோரோதான் காரணம். கோலா மரம் ஹவுசா நாட்டின் வறண்ட புல்வெளியில் வளராது. நல்ல கொட்டை அசாந்தே காடுகளிலிருந்து வர வேண்டும். அதற்காகக் கழுதைக் கூட்டங்களோடு ஹவுசா வணிகர்கள் மாதக்கணக்கில் நடந்து சலகா சந்தைக்குப் போவார்கள். டன்தாதாவும் இந்த வணிகத்தில் வளர்ந்தவர்தான். அக்ராவிலிருந்து லாகோசுக்குக் கப்பலில் கோலாவைக் கொண்டுவந்தார். போனவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். கானா நகரங்களில் 'ஸோங்கோ' என்ற பெயரோடு இன்றும் இருக்கும் முஸ்லிம் குடியிருப்புகளில் ஹவுசாதான் பொதுமொழி. கானாவின் வடக்கில், ஹவுசா அல்லாத இனத்தவர்கள்கூட லாமிசி, லாரிபா, தலாத்தா, அசீபி என்று பெண்களுக்குப் பெயர் வைக்கிறார்கள்.

பெயர் உறைந்துபோனபோது

பழைய முறையில் ஹவுசாக்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சொந்தப் பெயரோடு தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ வரும். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் வந்து, விண்ணப்பப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் போட்ட பிறகு, அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரோ தாத்தா பெயரோ போய் உட்கார்ந்தது. அடுத்த தலைமுறையில் அது நகரவில்லை. இன்று டன்ஜுமா என்ற குடும்பப் பெயரோடு செவ்வாய் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள். 'வெள்ளியின் மகன்' என்று ஒரு பெண்ணின் பெயரில் இருப்பது யாருக்கும் உறுத்துவதில்லை. ஜெனரல் டன்ஜுமாவின் தகப்பனார் பெயரே குரு டன்ஜுமா. மகன் வெள்ளியன்று பிறந்தது தற்செயல். தாயார் பெயர் ருஃப்காத்து அசீபி. அவருடைய சனிக்கிழமை அவரோடே நின்றுவிட்டது, ஏனென்றால் படிவத்தின் கட்டம் தாய்மார் பெயரைக் கேட்பதில்லை. ஆண்களின் கிழமைப் பெயர்கள் இப்படிக் குடும்பப் பெயராகிப் பிழைத்துக்கொண்டன. ஜும்மாய், லாடி, தலாத்து எல்லாம் புதிதாக யாருக்காவது வைத்தால்தான் உண்டு.

வைப்பதும் குறைந்துவருகிறது. நகரத்துப் படித்த வீடுகளில் தலாத்து, டன்தானி என்றால் பாட்டி காலத்துப் பெயர், கிராமத்துப் பெயர் என்ற நினைப்பு இருக்கிறது. மார்க்கக் கல்வி பரவப் பரவ, அரபுப் பெயரை அப்படியே கூப்பிடுவதுதான் நல்லது என்ற எண்ணமும் வலுத்திருக்கிறது. குன்யாவும் முன்போல் இறுக்கமாக இல்லை; மூத்த பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க இன்றைய இளம் தாய்மார் கூச்சப்படுவது குறைவு. மாற்றுப் பெயருக்கான தேவையே சுருங்கிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. முஹம்மது என்ற பெயரை வைத்து ஒருவர் செனகலா, துருக்கியா, இந்தோனேசியாவா என்று சொல்ல முடியாது. டன்ஜுமா என்றால் முகவரி தேவையில்லை.

அடுத்த முறை செய்தியில் ஒரு வட நைஜீரியப் பெயர் வந்தால் இப்படிப் படித்துப் பாருங்கள். 2019 முதல் 2022 வரை தலைமை நீதிபதியாக இருந்தவர் இப்ராஹிம் தாங்கோ முஹம்மது. முதலாவது கிடாய் அறுத்து வைத்த பெயர் போலத் தெரிகிறது. நடுவில் இருப்பது, அக்காமார்களுக்குப் பின் வந்த பையன் என்று சொல்கிறது. கடைசியில் வருவது பெரும்பாலும் தகப்பன் வழி வந்ததாக இருக்கும். டன்ஜுமாவையும் இதே அளவுகோலால் அளக்கலாம். பெயரின் நடுவில் நின்றால் அந்த மனிதரே வெள்ளி பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் நின்றால் அவருடைய அப்பாவோ தாத்தாவோ பிறந்த கிழமை அது. தனியாக நின்றால் அவரையே கேட்டுவிடுவது நல்லது. உங்கள் சூனன் யங்கா என்ன என்று கேட்டால், இவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று முதலில் சிரிப்பார், பிறகு சொல்வார்.